பிச்சாவரத்துக்கு மணி பாத்து போகாதீங்க, தண்ணி பாத்து போங்க

டிசம்பர் கடைசில குடும்பத்தோட சிதம்பரம் பக்கத்துல இருக்கற பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கு வர்றோம், எத்தனை மணிக்கு போட் ஏறணும், மோட்டார் போட்டா துடுப்பு போட்டா, பறவை நிறைய பாக்க முடியுமா, காத்து அடிச்சா சின்னப் பசங்களோட போறது சேஃப்பா, முதலை இருக்கா... இவ்வளவும் ஒரே கேள்வில கேட்டிருக்கீங்க. நான் பரங்கிப்பேட்டைல கடல் உயிரியல் படிச்ச காலத்துல இருந்து அந்த வாய்க்கால்கள்ல சுத்திட்டு இருக்கேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

முதல் விஷயம், நீங்க கேட்ட கேள்விகள்ல பாதிக்கு ஒரே பதில் தான், அது டைட், அதாவது கடல் தண்ணி ஏறி இறங்கறது. ஏறுனா ஏத்தம், இறங்குனா வத்தம். பிச்சாவரம் வர்ற ஜனங்க பெரும்பாலும் காலைல சிதம்பரம் கோயில்ல தரிசனம் முடிச்சு டிபன் சாப்பிட்டு பதினொன்னு பன்னெண்டு மணிக்கு வந்து இறங்குறாங்க, அன்னிக்கு தண்ணி ஏறுதா இறங்குதான்னு யாரும் கேக்குறதில்ல, டிக்கெட் எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு ரெண்டு பக்கமும் பச்சையா மரம் இருந்துச்சு நல்லா இருந்துச்சுன்னு போயிடுறாங்க. அதே வாய்க்கால்ல மூணு மணி நேரம் முன்னாடியோ பின்னாடியோ போயிருந்தா அவங்க பாத்திருக்கக்கூடிய காட்சியே வேற. இது எனக்கு உண்மையிலேயே வருத்தமா இருக்கற விஷயம், ஏன்னா இதுக்கு கூடுதலா ஒரு பைசா செலவு கிடையாது, ஃபோன்ல ரெண்டு நிமிஷம் பாத்தா போதும்.

இடத்தை மனசுல வாங்கிக்கோங்க. வடக்க பரங்கிப்பேட்டைல வெள்ளாறு கடல்ல சேருது, தெற்க கொள்ளிடம் சேருது, இது ரெண்டுக்கும் நடுவுல சுமார் 1,100 ஹெக்டேர்ல திட்டு திட்டா காடு, ஐம்பதுக்கும் மேல சின்ன சின்ன தீவு, நடுவுல வலைப்பின்னலா வாய்க்கால். கிழக்க ஒரு மணல் திட்டு, அதுக்கு அந்தப் பக்கம் வங்காள விரிகுடா, சின்னவாய்க்கால்ங்கற முகத்துவாரம் வழியா கடல் தண்ணி உள்ள வந்து போகுது. போட் ஹவுஸ் மேற்குக் கரைல இருக்கு. அதாவது நீங்க கிழக்க பாத்து கிளம்பி, முதல்ல ஒரு திறந்த நீர்ப்பரப்பைத் தாண்டி, அப்புறம் தான் காட்டுக்குள்ள நுழைவீங்க. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, காத்து பத்தி சொல்றப்போ தேவைப்படும்.

நம்ம கிழக்குக் கடற்கரைல ஒரு நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம். ஒரு ஏத்தத்துக்கும் அடுத்த ஏத்தத்துக்கும் நடுவுல 12 மணி 25 நிமிஷம், அதனால ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிஷம் தள்ளிப் போகும். குஜராத் பக்கம் காம்பே வளைகுடால பல மீட்டர் ஏறி இறங்கும், நமக்கு அமாவாசை பௌர்ணமி ஒட்டிய நாள்ல கூட ஒரு மீட்டர் அளவுக்குள்ள தான். ஒரு மீட்டர் தானேன்னு நினைக்காதீங்க. பிச்சாவரத்துல நிறைய வாய்க்காலோட ஆழமே ஒரு மீட்டர் ரெண்டு மீட்டர் தான், சில இடத்துல முழங்கால் அளவு தான், அங்க ரெண்டு அடி தண்ணி குறைஞ்சா அது வாய்க்கால் இல்ல, சேறு.

இன்னொரு கணக்கு இருக்கு, இது தெரிஞ்சா டைட் டேபிளே இல்லாம கூட ஓரளவு பிளான் பண்ணலாம். ஒரு இடத்துல அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் ஏத்தம் எப்பவுமே கிட்டத்தட்ட ஒரே மணிக்கு தான் வரும். நம்ம பக்கம் அது காலைல எட்டு ஒன்பது மணி வாக்குல, ராத்திரியும் அதே மாதிரி. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள், சுனாமி நம்ம கரைக்கு வந்தது காலைல ஒன்பது மணி வாக்குல, அதாவது சரியா ஏத்த நேரம். அப்ப எம்.ஜி.ஆர். திட்டு, சின்னவாய்க்கால்னு கடலோர மணல் திட்டுல இருந்த மீனவர் குடியிருப்புகள் அழிஞ்சு போச்சு, காட்டுக்கு உள்பக்கம் இருந்த கிராமங்கள்ல சேதம் குறைவா இருந்துச்சு. காடு தான் காப்பாத்துச்சா, இல்ல கடல்ல இருந்து தூரமும் மேடும் காரணமான்னு ஆராய்ச்சியாளர்கள் நடுவுல பெரிய வாக்குவாதமே நடந்துச்சு, ரெண்டுமே சேந்து தான்னு நான் நினைக்கிறேன். போட்ல போறப்போ அந்த மணல் திட்டு பக்கம் போனீங்கன்னா பசங்களுக்கு இதைச் சொல்லுங்க.

சரி, கணக்குக்கு வருவோம். கடல்ல எட்டரைக்கு உச்சம்னா உள்ள போட் ஹவுஸ் பக்கம் அது வந்து சேர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும், ஏன்னா தண்ணி குறுகலான முகத்துவாரம் வழியா நுழைஞ்சு வளைஞ்சு வளைஞ்சு வரணும். அதனால அமாவாசை பௌர்ணமி அன்னிக்கும் அடுத்த ரெண்டு நாளும், காலைல போட் ஹவுஸ் திறக்கற நேரத்துல தண்ணி நல்லா நிறைஞ்சிருக்கும், பத்து மணியை ஒட்டி இறங்க ஆரம்பிக்கும். இதுக்கு மேல வேற என்ன வேணும். அஷ்டமி நவமி பக்கம் போனீங்கன்னா இது தலைகீழ், காலைல தண்ணி கீழ கிடக்கும், ஏத்தம் மதியம் ரெண்டு மூணு மணிக்கு வரும், அதுவும் ஏறுற அளவே கம்மி. துல்லியமா நேரம் வேணும்னா ஹைதராபாத்ல இருக்கற இன்காய்ஸ்ங்கற (INCOIS) கடல் தகவல் நிறுவனத்தோட தளத்துல துறைமுக வாரியா டைட் கணிப்பு கிடைக்கும், கடலூர் இல்ல நாகப்பட்டினம் பாத்துட்டு, உள்ள கொஞ்சம் தாமதம்னு சேத்துக்கோங்க.

எந்தக் கட்டம் சிறந்ததுன்னு கேட்டா, என் பதில்ல மாத்தமே இல்ல: உச்சத்துக்கு அப்புறம் ஒன்னு ஒன்றரை மணி நேரம் கழிச்சு, தண்ணி இறங்கிட்டு இருக்கறப்போ. முழு ஏத்தத்துல போனா சேறு முழுக்க மூழ்கியிருக்கும், நண்டு வளைக்குள்ள, கரைப்பறவை எல்லாம் மரத்து மேலயோ தூரத்து மணல்லயோ ஒதுங்கியிருக்கும், மரக்கிளை தலைல இடிக்கும். முழு வத்தத்துல போனா குறுகல் வாய்க்காலுக்குள்ள போட்டே நுழையாது, போட்டுக்காரர் இறங்கித் தள்ள வேண்டி வரும். இறங்குற நேரத்துல ரெண்டும் கிடைக்கும், உள்ள போக தண்ணியும் இருக்கும், ஓரத்துல சேறு ஒரு அடி ஒரு அடியா வெளிய வந்துட்டே இருக்கும், வெளிய வர்ற ஒவ்வொரு அடிக்கும் ஒரு உயிர் சாப்பிட வந்து நிக்கும்.

அந்த சேத்தைத் தான் பாக்கணும், வானத்தை இல்ல. முதல்ல உளுவை வரும், கண்ணு தலை உச்சில வச்சுக்கிட்டு சேத்துல தவ்வித் தவ்விப் போற மீன், தோலும் வாயும் ஈரமா இருக்கற வரைக்கும் தண்ணிக்கு வெளியவே மூச்சு விடும். அப்புறம் ஒரு கொடுக்கு மட்டும் உடம்பு அளவுக்குப் பெருசா இருக்கற சின்ன நண்டுங்க, ஆண் நண்டுக்கு மட்டும் தான் அந்தப் பெரிய கொடுக்கு, அதை ஆட்டி ஆட்டி பெண் நண்டைக் கூப்பிடும், சாப்பிடறது எல்லாம் இன்னொரு சின்னக் கொடுக்கால தான். போட்டை நிறுத்தச் சொல்லி ரெண்டு நிமிஷம் அசையாம இருந்தா வெறும் சேறா தெரிஞ்ச இடம் முழுக்க அசையும். பசங்க இதுல சொக்கிப் போயிடுவாங்க, நான் கூட்டிட்டுப் போன எல்லா குழந்தைகளும் கடைசில பேசினது பறவையைப் பத்தி இல்ல, இந்த நண்டைப் பத்தி தான்.

மரம். தண்ணி விளிம்புல கால் ஊன்றி நிக்கற மாதிரி வளைஞ்ச வேரோட இருக்கறது சுரபுன்னை. அதுக்குப் பின்னாடி தரைல இருந்து பென்சில் பென்சிலா மேல நீட்டிட்டு இருக்கற மூச்சு வேர் தெரிஞ்சா அது வெண்கண்டல், காட்டுல பெரும்பகுதி இது தான். ரெண்டும் உப்பை சமாளிக்கற விதமே வேற, சுரபுன்னை வேர்லயே பெரும்பாலான உப்பை வடிகட்டி வெளிய நிறுத்திடும், வெண்கண்டல் உள்ள விட்டு இலை வழியா வெளிய தள்ளும், அந்த இலையைத் தொட்டு நாக்குல வச்சா கரிக்கும். ஆனா எந்த இலைன்னு போட்டுக்காரர் காட்டினா மட்டும் தொடுங்க, ஏன்னா அங்க தில்லை மரமும் இருக்கு, சிதம்பரம் கோயிலோட தல விருட்சம், அதோட பால் கண்ணுல பட்டா கடுமையான எரிச்சல், பார்வைக்கே ஆபத்து. அதனால போட் போறப்போ கிளையைப் பிடிச்சு இழுக்கற பழக்கம் வேண்டவே வேண்டாம். சுரபுன்னை வேர்லயும் கை வைக்காதீங்க, அதுல ஒட்டியிருக்கற ஆளி கத்தி மாதிரி கிழிக்கும். அந்த ஆளி ஒட்டியிருக்கற மேல் விளிம்பைப் பாருங்க, அது தண்ணில மூழ்கியிருந்தா ஏத்தம், நல்லா மேல தெரிஞ்சா வத்தம், இதுவே ஒரு டைட் டேபிள்.

போற வழில சில வாய்க்கால் ஸ்கேல் வச்சு கிழிச்ச மாதிரி நேரா போறதைப் பாப்பீங்க, அது இயற்கை இல்ல, வெட்டினது. பிரிட்டிஷ் காலத்துல இருந்து பல வருஷம் இந்தக் காட்டைப் பகுதி பகுதியா மொட்டையா வெட்டினாங்க, வெட்டின இடத்துல வெயில் பட்டு மண் காஞ்சு உள்வாங்கி பள்ளமாச்சு, ஏத்தத்துல வந்த தண்ணி அந்தப் பள்ளத்துல தேங்கி ஆவியாகி உப்பு ஏறி ஏறி புதுசா ஒரு செடி கூட முளைக்க முடியாம போச்சு. 1990-கள்ல எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் சேந்து, மீன் முள்ளு அமைப்புல வாய்க்கால் வெட்டி, ஏத்தத் தண்ணி உள்ள வந்து வத்தத்துல திரும்பிப் போறதுக்கு வழி பண்ணாங்க, உப்பு குறைஞ்சுது, நாத்து நட்டாங்க, காடு திரும்ப வந்துச்சு. இங்க மரத்தை வாழ வைக்கறதும் சாகடிக்கறதும் தண்ணியோட போக்குவரத்து தான்னு இதை விட தெளிவா எங்கயும் பாக்க முடியாது. 2022-ல உலக அளவுல முக்கியமான ஈரநிலங்களோட ராம்சார் பட்டியல்ல பிச்சாவரம் சேந்ததுல இவங்க உழைப்புக்கும், காட்டைப் பாத்துக்கற கிராமத்து ஜனங்களுக்கும் பங்கு இருக்கு. சேத்துல உக்காந்து கையாலயே துழாவி இறால் பிடிக்கற இருளர் மக்களைப் பாத்தீங்கன்னா தள்ளி மெதுவா போகச் சொல்லுங்க, மோட்டார் போட் அலை அவங்க மூஞ்சில அடிக்கும். அவங்க பிடிக்கற இறால் குஞ்சா இருக்கறப்போ ஏத்தத் தண்ணில ஏறி உள்ள வந்தது, இந்த வேருங்க நடுவுல வளந்து தான் திரும்ப கடலுக்குப் போகும். கடல்ல இழுவைப்படகுக்காரங்க பிடிக்கற வெள்ளை இறாலும் ஒரு காலத்துல இப்படி ஒரு கழிமுகத்துல வளந்தது தான்.

மோட்டாரா துடுப்பான்னா, துடுப்பு. மோட்டார் போட் அகலமான வாய்க்கால்ல தான் போகும், குறுகலுக்குள்ள போகாது, சத்தத்துக்கு பறவை முன்னாடியே எழுந்து போயிடும். கடற்கரை பக்கம் மணல் திட்டு வரைக்கும் போகணும், வயசானவங்க கூட இருக்காங்க, நேரம் கம்மின்னா மோட்டார் சரி தான். காட்டைப் பாக்கணும்னா துடுப்பு, அதுலயும் ஒரு மணி நேர டிரிப் பத்தாது, அதிகபட்ச நேரம் எவ்வளவு இருக்கோ அதை எடுங்க. உள்ள கொடிப்பந்தல் போட்ட மாதிரி மேல மூடியிருக்கற வாய்க்கால்ல போட்டுக்காரர் துடுப்பை வச்சிட்டு கழியால ஊன்றித் தள்ளிட்டுப் போவாரு, அங்க பேசாம இருங்க, ப்ளூடூத் ஸ்பீக்கர் தயவுசெஞ்சு வேண்டாம், பின்னாடி வர்ற போட்ல யாராவது பறவை பாக்க வந்திருப்பாங்க.

பறவைக்கு உங்க டைமிங் நல்ல டைமிங். டிசம்பர் ஜனவரி பிப்ரவரி தான் வலசைப் பறவை நிறைய இருக்கற காலம். சேத்துல விதவிதமா உள்ளான், திறந்த தண்ணி மேல ஆலா, மரத்துல சிறு நீர்க்காகம் இறக்கையை விரிச்சு காயவச்சிட்டு இருக்கும், பகல்ல கிளை மறைவுல தூங்குற வக்கா, மடையான், சின்னக் கொக்கு, நத்தைகுத்தி நாரை, மேல வட்டம் போடற செம்பருந்து. கருந்தலை மீன்கொத்தி கண்டிப்பா தேடுங்க, கருப்புத் தலை, வெள்ளைக் கழுத்து, நீல முதுகு, பவழச் சிவப்பு அலகு, குளிர்காலத்துல இந்த மாதிரி கடலோரக் காட்டுல தான் நம்ம பக்கம் நல்லா கிடைக்கும், குறுகல் வாய்க்கால் திரும்புற முனைல தாழ்ந்த கிளைல உக்காந்திருக்கும், நீங்க திரும்புறதுக்குள்ள பறந்துடும், அதனால முன்னாடி உக்காருங்க. நரி இந்தக் காட்டுல இருக்கு, வத்தத்துல நண்டு பிடிக்க சேத்துல இறங்கும், காலடித் தடம் பாக்கலாம். நீர்நாய் கண்ணுல பட்டா அன்னிக்கு உங்களுக்கு அதிர்ஷ்டம்.

முதலை பத்தி. சிதம்பரம் சுத்துவட்டாரத்துல செய்தில வர்றது எல்லாம் நன்னீர் முதலை, கொள்ளிடம், பழைய கொள்ளிடம், அதைச் சேந்த வாய்க்கால் கிராமங்கள் பக்கம், ஊருக்குள்ள வந்தா வனத்துறை பிடிச்சு வக்காரமாரி நீர்த்தேக்கத்துல விடுவாங்க. நீங்க போட் போற இடம் உப்புத்தண்ணி. பயப்படாம வாங்க, ஆனா கொள்ளிடக் கரைல பசங்களை இறங்கிக் குளிக்க விடாதீங்க.

இப்ப காத்து. சாதாரண நாள்ல விடியக்காலைல கரைல இருந்து கடலுக்கு லேசா காத்து போகும், வெயில் ஏறி நிலம் சூடானதும் பத்து பதினொன்னுக்கு மேல கடல் காத்து திரும்பி கிழக்க இருந்து அடிக்கும். நான் முன்னாடி சொன்ன திசையை இதோட சேத்துப் பாருங்க: காலைல கிழக்க போறப்போ காத்து தொந்தரவு இல்ல, திரும்பி மேற்க வர்றப்போ கடல் காத்து முதுகுல தள்ளி விடும். மதியம் கிளம்பினா போறப்போ எதிர்க்காத்து, துடுப்பு போடறவருக்கு உசுரு போகும். வத்தம் கிழக்க இழுத்து காத்து மேற்க தள்ளுச்சுன்னா திறந்த பரப்புல சின்னச் சின்னதா செங்குத்தா அலை எழும்பும், போட் தட்டுத் தட்டுன்னு அடிக்கும், தண்ணி தெறிக்கும், பசங்க பயப்படலாம். காட்டுக்குள்ள நுழைஞ்சா அடங்கிடும், மரம் மறைச்சிடும். லைஃப் ஜாக்கெட்டை கடைசி வரைக்கும் கழட்டாதீங்க, பக்கிளை குழந்தைக்கு நீங்களே ஒரு தடவை இழுத்துப் பாருங்க, அளவு பெருசா இருந்தா மாத்தித் தரச் சொல்லுங்க. போட்டோவுக்காக யாரும் எழுந்து நிக்க வேண்டாம், ரெண்டு பேர் ஒரே பக்கம் சாயவும் வேண்டாம்.

டிசம்பர் கடைசிங்கறதால இன்னும் ஒன்னு. அது வாடைக்காத்து காலம், வடகிழக்கு மழை முழுசா முடிஞ்சிருக்கும்னு நம்ப முடியாது, 2011-ல தானே புயல் இதே கடலூர் கரையைக் கடந்தது டிசம்பர் 30. மழை வெள்ளம் வந்தா டைட் கணக்கு குழம்பிடும், ஆத்துத் தண்ணி மேலாப்புல வந்து கடலுக்கு வழி தேடும், வத்தம் நீண்டுட்டே போகும், இறங்க வேண்டிய நேரத்துலயும் தண்ணி நிறைஞ்சே இருக்கும். அது போக ஐப்பசி கார்த்திகைல நம்ம கரைல கடல் மட்டமே வருஷ சராசரியை விட உயரமா இருக்கும், வடக்க இருந்து உப்பு கம்மியான தண்ணி கரையோரமா தெற்க இறங்குறதும், காத்து தண்ணியைக் கரைப் பக்கம் ஒதுக்குறதும் காரணம், மார்கழிலயும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். அதனால உங்க மாசத்துல சேறு முழுசா வெளிய வர்றது பங்குனி சித்திரையை விட குறைவு, வத்தத்துக்கு இன்னும் ஒரு அரை மணி நேரம் நெருக்கமா போனா நல்லது. காத்தழுத்தத் தாழ்வு, புயல் எச்சரிக்கைன்னா போட் நிறுத்திடுவாங்க, நிறுத்தலன்னாலும் நீங்க போகாதீங்க. கிளம்புறதுக்கு முதல் நாள் போட் ஹவுஸுக்கு ஒரு ஃபோன் போட்டு போட் ஓடுதா, எத்தனை மணிக்குத் திறக்கறாங்கன்னு கேட்டுக்கோங்க, கிறிஸ்துமஸ் லீவுல கூட்டம் அள்ளும், ஒரு மணி நேரம் க்யூல நின்னா நான் சொன்ன கணக்கு எல்லாம் வீணாயிடும், அதனால சிதம்பரத்துல ராத்திரி தங்கி காலைல முதல் ஆளா வாங்க, கோயிலை சாயந்தரத்துக்கு வச்சுக்கோங்க.

தொப்பி, தண்ணி பாட்டில், பைனாகுலர் இருந்தா ஒன்னு, பாலிதீன் கவர் எதுவும் போட்ல வேண்டாம், மூச்சு வேர்ல போய் சிக்கிச்சுன்னா அடுத்த ஏத்தம் கூட அதை எடுக்காது. தேதி முடிவானதும் அன்னிக்கு என்ன திதின்னு சொல்லுங்க, எத்தனை மணிக்கு ஏறலாம்னு கணக்கு போட்டு சொல்றேன்.